தரிசு என்று எழுதினேன்

செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியின் வெள்ளி விழா மலருக்கு ‘வளாகம் வளர்ந்த கதை’யை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழ்த்துறைக்காரன் என்றால் இதெல்லாம் இலவச இணைப்பு. நானும் சளைக்கவில்லை. சிமெண்ட் ஷீட் கொட்டகையில் நான்கு வகுப்புகள், பிறகு முதல் கட்டடம், நூலகம், ஆய்வகம், மாடிக்கு மேல் மாடி என்று அளந்துவிட்டேன். தொடக்கத்தில், “முட்புதர் மண்டிய தரிசு நிலம்” என்று ஒரு வரி. இந்த மாதிரி மலர்களில் நிலம் எவ்வளவு மட்டமோ, நிறுவனர் அவ்வளவு உயரம்.

அது தரிசில்லை என்று எனக்குத் தெரியும். முதல் வருடமே அங்கே சேர்ந்து படித்தவன் நான். கொட்டகைக்குப் பின்னால் மல்லாட்டைக் கொல்லை இருந்தது; நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நிலத்துக்காரர் பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து காயை உரித்துப் பச்சையாகவே தின்றிருக்கிறோம். அவருடைய கிணற்றைத் தூர்த்துத்தான் நூலகத்தைக் கட்டினார்கள். நிலத்தை விற்ற அந்த மனிதர் இப்போது எங்கள் வாசலில் வாட்ச்மேன்.

விழா முடிந்து கிளம்பும்போது கையில் மலரோடு என்னை நிறுத்தினார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

“சார், நம்ம கொல்லையப் பத்தி இதுல இன்னா எழுதி இருக்குது? கொஞ்சம் படிங்க.”

பக்கத்தைப் பிரித்தேன். அந்த வரியை அவர் முகத்துக்கு நேரே படிக்க வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவும் துணிவில்லை. அச்சான வரியில் கண்ணை வைத்துக்கொண்டே, “இது நல்ல செம்மண் பூமி. மல்லாட்டை மூட்டை மூட்டையாக விளைந்தது. கோடையிலும் வற்றாத கிணறு இருந்தது” என்று வாசித்தேன். கூசாமல் வாசித்தேன்.

“கெணத்தக்கூடப் போட்டுட்டீங்களா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எம் பேத்தி உங்க கிளாஸ்லதான படிக்குது. வூட்ல எல்லாருக்கும் படிச்சிக் காட்டச் சொல்றேன் சார்.”

மறுநாள் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த பக்கமே திரும்பாமல் பாடம் நடத்தினேன். மணி அடித்ததும் அவளே வந்தாள்.

“தாத்தா அந்த மலரைப் படிக்கச் சொன்னாரு சார்.”

“ம்” என்றேன். அவமானத்தில் தலை நிமிரவில்லை.

“நீங்க படிச்சதா அவரு சொன்னதையே நானும் படிச்சிட்டேன் சார்.”