முன் ரூமைக் காலி பண்ணச் சொன்னார்கள்

வீட்டில் உட்கார்ந்து தைக்கிறவளுக்குத் தைப்பதை விடப் பெரிய வேலை வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். அதில் மட்டும் நான் கெட்டிக்காரி இல்லை.

சின்னக்கானல் போகிற வழியில் ரோட்டோரம் எங்கள் வீடு. முன் ரூம், உள் ரூம், அடுக்களை, பின்னால் விறகு போடுகிற சாய்ப்பு. முன் ரூமில் ஜன்னலை ஒட்டி என் மெஷின், காலால் மிதிக்கிற பழைய இரும்பு மெஷின். தலையணை உறை, வாசலில் போடுகிற மிதியடி, பை, ஜன்னல் திரை, பச்சைப்பிள்ளைக்கு விரிப்பு என்று வீட்டுக்கு வேண்டியதைத்தான் தைப்பேன். ஜாக்கெட் பக்கம் போவதில்லை. அளவு சரியில்லை என்று வருகிறவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு கிடையாது.

எங்கள் மலையில் பாதி வருஷம் மழையும் மஞ்சு மூட்டமும்தான். ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சமும், துணி நமுத்துப் போகாத அளவுக்குச் சூடும் இருக்கிற ஒரே இடம் அந்த முன் ரூம். அங்கிருந்து மெஷினைக் கிளப்ப வேண்டும் என்று என் வீட்டுக்காரர் முருகேசன் ஒற்றைக்காலில் நின்றார். டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். அந்த ரூமையும் டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விட வேண்டுமாம். மழை மாசத்தில் ஜீப் முடங்கிக் கிடக்கும்போது அடுப்பு எரிவது அந்த மெஷினால் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

என்னைப் போல வீட்டிலிருந்து தைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். கூடச் சேர்ந்து கொஞ்சம் கோபப்படுங்கள்.

மூட்டை

பழைய துணியில் மிதியடி தைப்பேன் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வாசல் ஊருக்கெல்லாம் குப்பைத்தொட்டி ஆகிவிட்டது. மேல் வீட்டு மதினி ஒரு மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். பிரித்தால் குப்பென்று வாடை. வண்டி துடைத்த துணி, கிழிந்த மழைக்கோட்டு, கொக்கி பிய்க்காத ஜாக்கெட், பாக்கெட்டில் மிட்டாய்த்தாள் ஒட்டிக் கிடக்கிற நிக்கர். மிதியடி என்றாலும் அதுவும் மனுஷர் வீட்டுக்குள் கிடக்கப் போகிற சாமான்தானே.

தெரியாமல் ஒரு கொக்கியின் மேல் தையலை ஓட்டிவிட்டேன். ஊசி ஒடிந்து தெறித்துக் கன்னத்தில் பட்டது. கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூட்டையை அப்படியே சுமந்துகொண்டு மேட்டில் ஏறிப் போனேன். கன்னத்தைக் காட்டி, "துவைச்சு, கொக்கி பிச்சுக் கொண்டாங்க மதினி" என்றேன். அவர் கன்னத்தைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், பிறகு பரிவாகவே சொன்னார்:

"நீ வீட்டுலதானே இருக்க கனி, அப்படியே ரெண்டு அலசு அலசிப் போட்டுக்கிட்டா என்ன?"

பிள்ளைத் துணி

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. பலநாள் உடுத்தித் துவைத்து மெத்தென்று போன நூல்சேலையைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். விரிப்பதும் அதுதான். ஈரத்தை உறிஞ்சும், தோலை உறுத்தாது. காரணமில்லாமல் வந்த வழக்கமில்லை.

மகளுக்குப் பேறுகாலம் என்று ஒரு அம்மாள் பழைய சேலை கொண்டுவந்தார். பழசுதான், சந்தேகமில்லை. அவர் கல்யாணத்துக்கு வந்த சீர்ச்சேலை. ஆனால் நைலக்ஸ், நைலான் துணி. தகரப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. ஒருநாள்கூடத் தண்ணீரைப் பார்த்ததில்லை. அதை மூன்று மடிப்பாக வைத்துப் பிள்ளைக்கு விரிப்புத் தைக்க வேண்டுமாம். வயசானால் பழந்துணி என்று அவர் கணக்கு. குளிருக்காகத் தாயும் பிள்ளையும் படுக்கிற இடத்தில் கரிச்சட்டி வைக்கிற ஊர் இது. ஒரு பொறி விழுந்தால் அந்தத் துணி எரிந்து சாம்பலாகாது, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

வாயால் சொன்னேன், கேட்கவில்லை. ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெட்டித் தீக்குச்சி வைத்துக் காட்டினேன். சுருண்டு, கறுத்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படி விளக்குவாள்? சேலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். வேறு யாரிடமோ கொடுத்துத் தைத்திருப்பார் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. படியிறங்கும்போது அவர் சொன்னது இது:

"ராசியான சேலையைக் கொளுத்திக் காட்டுறியே, உன் கைராசியை நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

கோணல்

பள்ளிக்கூடத்தில் பிரவர்த்தி பரிசய மேளா என்று ஒன்று வைப்பார்கள். பிள்ளைகள் கையாலே செய்த சாமான்களை அடுக்கி வைத்துப் பரிசு கொடுப்பது. பிள்ளைகள் எங்கே செய்கிறார்கள், மேளாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஊரிலுள்ள தாய்மார்கள் எல்லாம் என் வாசலில்தான் நிற்பார்கள். எனக்கு இரண்டு கை மட்டும்தான் உண்டு என்பதை ஒருத்தர்கூட நினைப்பதில்லை.

ஒரு தாய்க்குத் துணி முயல் வேண்டும். "புள்ள தானே தச்ச மாதிரி இருக்கணும்க்கா" என்றாள். "அப்ப புள்ளையவே அனுப்பு, பக்கத்துல உக்காத்தி வச்சுச் சொல்லித் தாரேன்" என்றேன். பிள்ளைக்கு டியூஷனாம். சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு காதை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வெட்டித் தைத்துக் கொடுத்தேன். மறுநாள் முயலோடு திரும்பி வந்தாள். டீச்சர் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பிள்ளை தைத்ததில்லை என்று ஒதுக்கிவிட்டாராம். கோபம் டீச்சர் மேல் இல்லை, என் மேல்:

"இத்தனை வருசமாத் தைக்கிறீக, கோணலா நாலு தையல் போடத் தெரியலையேக்கா."

வியூ

என் வயிற்றில் அடித்தது இந்த ஆள்தான். பெயர்கூடத் தெரியாது. சென்னைப் பெண். என் வீட்டுக்காரர் ஜீப்பில் வந்தவள், பை வாங்குவதற்காக வீட்டுக்குள் வந்தாள். நான் சாக்குத்துணியில் பூ வைத்துத் தைத்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன், அவள் ஜன்னலுக்கு வெளியே படமெடுத்துக்கொண்டிருக்கிறாள். பிறகு என்னைப் பார்த்து, தலையில் துணி கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மெஷினில் உட்கார முடியுமா என்று கேட்டாள். ஒரு படத்துக்காகவாம். கொழுந்து பறிக்கிறவள் எதற்கு மெஷினில் உட்காரப் போகிறாள், தைக்கிறவள் எதற்குக் கூடை மாட்டப் போகிறாள் என்று கேட்டேன். சிரித்தாள். மெஷின் மேல் பையை வைத்துவிட்டு, வாங்காமலே வாசலுக்குப் போனாள். என் வீட்டுக்காரரிடம் அவள் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது:

"இவ்ளோ அழகான வியூவை வச்சுக்கிட்டு, அங்க போய் ஒரு தையல் மெஷினைப் போட்டு வச்சிருக்கீங்களே."

சாய்ப்பு

அன்றைக்கு அவர் தலைக்குள் புகுந்ததுதான் அந்த வியூ. பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் மாசத்தில் கொத்தனாரைக் கூட்டிவந்து முன் ரூம் சுவரை இடித்தார், ஜன்னலை அகலமாக்கி முழங்கால் வரைக்கும் கீழே இறக்கிக் கண்ணாடி போட்டார். டூரிஸ்ட்டு படுத்துக்கொண்டே மலையைப் பார்க்கவாம். எனக்கென்னவோ அதில் நல்லதுதான் நடந்தது. மஞ்சு மூடின நாளிலும் ஊசிக்கண் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வந்தது. அப்போதுதான் மெஷினைப் பின்பக்கச் சாய்ப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

சாய்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் படுதா. தரையிலிருந்து ஈரம் ஊறும். ஒரு வாரம் அங்கே வைத்த தலையணை உறைகளில் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பிடித்து, அத்தனையும் வீணாகப் போயிருக்கிறது. இதெல்லாம் கூடச் சகிக்கலாம். பின்னால் இருக்கிற வாழைக்கு ஆனை வரும். போன மழைக்கு வந்தபோது சாய்ப்பின் பலகையில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனதில் ஒரு பக்கப் பலகை அப்படியே சாய்ந்துவிட்டது, இப்போது படுதா தொங்குவது அங்கேதான். மெஷின் சத்தத்தில் வெளியே நிற்பது என்ன என்று எனக்குத் தெரியுமா? இதையெல்லாம் அழாமல், கத்தாமல், ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். என்னோடு பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிக்கொண்ட மனுஷர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"ஆனை என்ன தினமுமா வருது?"

கடைசி வேலை

சீசன் நெருங்கியது. ஒருநாள் மத்தியானம் என் பக்கத்தில் வந்து அன்பாக உட்கார்ந்தார். அவர் அன்பாக உட்கார்ந்தால் ஏதோ தைக்கக் கொண்டுவந்திருக்கிறார் என்று அர்த்தம். முன் ரூமுக்கு ஜன்னல் திரை வேண்டுமாம். கட்டில் விரிப்பு, தலையணை உறை, வாசலுக்கு மிதியடி, எல்லாம் வேண்டுமாம். கடையில் வாங்கினது வேண்டாமாம், டூரிஸ்ட்டுக்குக் கையால் செய்ததுதான் பிடிக்குமாம்.

என்னை அந்த ரூமிலிருந்து வெளியேற்றுவதற்கான சாமான்களை நானே தைத்துத் தர வேண்டும். கேட்கும்போது அந்த முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அப்படி ஒரு சிரிப்பு எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. "ஒரு நூல்கூட ஓட்ட மாட்டேன்" என்றேன். ஓரம் அடிக்க ஒத்தாசைக்கு வந்து என்னோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அவருக்கோ நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்றே புரியவில்லை:

"முதல்ல தச்சு முடி, அப்புறந்தானே மெஷினை எடுக்கப் போறேன்?"

ஒரு சாண்

நான் சொன்னதைச் செய்தேன், தைக்கவில்லை. அவரும் விடவில்லை. போடிமெட்டு இறங்கிப் போய்ப் போடியில் ரெடிமேட் திரையும் விரிப்பும் வாங்கி வந்தார். நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினபோது மெஷின் சாய்ப்பில் கிடந்தது. பெல்ட் கழன்று தொங்கியது. டிராயரைக் கவிழ்த்துத் தூக்கியிருக்கிறார்கள், நூல் சுற்றின பாபின்களெல்லாம் விறகுக்குள் உருண்டு கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அப்போது நான் அழுதேன். கோபத்தில் அழுதேன்.

முதல் ஆட்கள் மதுரையிலிருந்து வந்தார்கள், புருஷன், பெண்சாதி, ஒரு சின்னப் பெண்பிள்ளை. அந்த அம்மாள் திரையை இழுத்து மூடிப் பார்த்தார். கீழே ஒரு சாண் இடைவெளி. கடைக்காரன் எல்லா வீட்டு ஜன்னலுக்கும் தைத்து வைத்த திரை, முழங்கால் வரைக்கும் இடித்து இறக்கின எங்கள் ஜன்னலுக்கு எப்படி எட்டும்? வெளியே ரோடு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் குனிந்து எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். "இந்த ரூம்ல எப்படிங்க துணி மாத்துறது?" என்று அந்த அம்மாள் கேட்டுவிட்டார்.

திரையைக் கையில் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் சாய்ப்புக்கு வந்தார்.

"சும்மா கீழ ஒரு துண்டு வச்சு ஒட்டிக் குடு. அஞ்சு நிமிச வேலை."

"இங்க கண்ணு தெரியலை. பெல்ட்டு ஈரத்துல வழுக்குது. மெஷினை ஜன்னல்கிட்டக் கொண்டு போயி வையுங்க, தச்சுத் தாரேன்."

"வந்தவுக பாத்துக்கிட்டு இருக்காக."

"பாக்கட்டும். நானும் அதுக்குத்தான் சொல்லுதேன்."

வேறு வழியில்லை. அவரும் அந்த மதுரைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். நான் உட்கார்ந்தேன். என் நூல்சேலைத் துண்டு ஒன்றை எடுத்துத் திரையின் அடியில் கொடுத்து ஒரே ஓட்டில் தைத்து நூலை அறுத்தேன். அவர் திரையை வாங்கிக்கொண்டு, "சரி, இனி மெஷினை எடுத்துரலாம்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. பாதியில் கிடந்த மிதியடியை ஊசிக்கடியில் வைத்தேன். "எடுக்கிறதுன்னா என்னையும் சேத்துத் தூக்குங்க" என்று மிதிக்க ஆரம்பித்தேன். தையல் நேராக ஓடியது.

அந்த மதுரை அம்மாள் என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், என் வீட்டுக்காரர் கையிலிருந்த திரையைப் பார்த்தார். பிறகு தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, எங்களுக்கு அந்த உள் ரூமே போதும், அவுக வேலை செய்யுற இடத்துல நாங்க எப்படிப் படுக்கிறது?"

இத்தனை வருஷமாக நான் தைத்துக் கொடுத்த எதற்கும் இந்த வீட்டில் கிடைக்காத மரியாதை, தைக்க மாட்டேன் என்று விட்ட ஒரே ஒரு திரைக்குக் கிடைத்தது.