மர்செல் கிழவரின் முயல்களும் எங்கள் கண்ணாடிக் கொட்டிலும்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம், பரிஸ் நகரத்தில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலுக்கு வெண்டிக்காய் வாங்கப் போனவன் வெறுங்கையோடு வந்தேன். கடைக்காரப் பெடியன் சாம்பிராணித் தட்டை ஏந்திக்கொண்டு அரிசி மூட்டைகளுக்கு நடுவால் வந்துகொண்டிருந்தான். புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், கையிலிருந்த கூடையை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டேன். "என்னண்ணை, சாமியை விட்டிட்டு வேதத்துக்கு மாறிட்டியளோ?" என்று அவன் வாசலில் நின்று பகிடி விட்டான். சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

எங்கள் வீட்டில் சாம்பிராணி போடுவதை விட்டு வருடக்கணக்காகிறது. விளக்கு வைப்போம், திருநீறு பூசுவோம், ஊதுபத்திகூடக் கொளுத்துவோம். சாம்பிராணி மட்டும் இல்லை. காரணம் இரண்டு முயல்கள். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது நாங்கள் மார்க்ஸ் டோர்மோயில் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்க நிலத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கும் வேலை. வீடு தீப்பெட்டிதான். ஆனால் குசினிக் கதவைத் திறந்தால் ஒரு துண்டு வளவு! பரிசில் வளவோடு வீடு என்று சொல்லிச் சொல்லியே கடையில் எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டேன். வளவு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு கட்டில் போடலாம், மூன்றாவதைப் போட்டால் கதவு திறக்காது.

அந்த வளவில்தான் என் மனுசி கறிவேப்பிலை வளர்த்தாள். கறிவேப்பிலை வரத்து நின்று, ஒரு நெட்டு வந்தாலும் கடையில் அடிபிடிப்படுகிற காலம் அது. முதல் கன்றைக் குளிர் கொன்றுவிட்டது. செத்த வீடு மாதிரி அவள் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏதோ குளிரைக் கூட்டிவந்தது நான்தான் என்பது போல. அடுத்த கன்றுக்காக நான் கண்ணாடிக் கொட்டில் கட்டத் தொடங்கினேன். இங்கே வீடு திருத்துகிறவர்கள் பழைய யன்னல்களைத் தெருவில் வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து வரும்போது ஒரு யன்னலைத் தலையில் வைத்துக்கொண்டு மெட்ரோ வாசலைத் தாண்டி வருவேன். "ஆரும் பாத்தால் வீடு உடைச்சுக் களவெடுத்தது எண்டெல்லோ நினைப்பினம்" என்று மனுசி தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொண்டே கதவையும் திறந்துவிடுவாள்.

வளவின் மற்றப் பாதி, ஒரு கட்டை மதிலுக்கு அந்தப் பக்கம், மர்செல் கிழவருடையது. ரயில்வேயில் வேலை செய்து ஓய்ந்த மனுசன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அம்மா வளர்த்த இரண்டு சாம்பல் நிற முயல்கள்தான் கிழவருக்கு மிச்சம். ஒன்றை மதாம், அதாவது அம்மணி என்றும் மற்றதை மத்மசெல், அதாவது குமரி என்றும் கூப்பிடுவார். நான் கடையில் கழித்த கோவா இலை, கரட் தழை, கொத்தமல்லித் தண்டு எல்லாவற்றையும் பையில் கட்டி மதிலுக்கு மேலால் நீட்டுவேன். எங்கள் சிநேகிதம் அப்படித் தொடங்கியது. என் பிரெஞ்சு அந்த நாளில் பத்திருபது சொல்லுக்கு மேல் ஓடாது. மிச்சத்தைக் கையாலும் காலாலும் பேசினோம்.

என்னோடு வேலை செய்த வன்னிப் பெடியன் ஒருநாள் வீட்டுக்கு வந்து மதிலை எட்டிப் பார்த்தான். "அண்ணை, எங்கட பக்கமெண்டால் இது ரெண்டும் ஒரு கறிக்குக் காணாது." கிழவர் என்ன சொல்கிறான் என்று கேட்டார். அழகாக இருக்கிறதாம் என்றேன். கிழவர் அவனுக்கு ஒரு கிளாஸ் வைன் ஊற்றிக் கொடுத்தார்.

கிழவருக்கு ஒரு மகன். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வந்தால் ஒரே கதைதான்: அப்பா, தனியே இருக்க முடியாது, வயோதிபர் இல்லத்துக்குப் போங்கள். கிழவரிடமும் ஒரே பதில்தான்: "முயல்களை யார் பார்ப்பது?" அந்த இல்லத்தில் பிராணிகளைச் சேர்க்க மாட்டார்கள். மகன் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார். போனபிறகு கிழவர் மதிலடிக்கு வந்து எனக்குக் கண்ணடிப்பார். இவை இருக்கும்வரை என்னை இங்கிருந்து ஒருவனாலும் அசைக்க முடியாது என்று, மதிலைக் கையால் தள்ளிக் காட்டுவார்.

அந்த வருடம் குளிர் தொடங்கும்போது கிழவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சை, பிறகு நடக்கப் பழக்குகிற இடத்தில் சில மாதம். அங்கே போவதற்கு முன் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். மதிலை உடைத்து என் பக்கத்துக்கும் கொட்டிலைப் பெருப்பியுங்கள், உங்கள் செடியும் இருக்கட்டும், என் முயல்களும் இருக்கட்டும் என்றார். ஒரேயொரு நிபந்தனை. மேலே ஒரு கண்ணாடி எப்போதும் திறந்திருக்க வேண்டும், மூடாமலிருக்க அதில் ஒரு வைன் போத்தல் தக்கையைச் செருகிவைக்க வேண்டும். என் கோட்டைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார்: முயல்களுக்கு உரோமக் கோட்டு இருக்கிறது, குளிர் ஒன்றும் செய்யாது. பிறகு தொண்டையைப் பிடித்துக் காட்டினார்: காற்றில்லாவிட்டால்தான் ஆகாது. எனக்கு நன்றாகவே விளங்கியது.

கொட்டில் இரண்டு மடங்காயிற்று. எங்கள் பதினெட்டாம் வட்டாரத்தின் யன்னல்கள் எல்லாம் எங்கள் வளவில்தான் நின்றன. ஒரு பக்கம் கறிவேப்பிலை, வல்லாரை, என் ஆசைக்கு ஒரு முருங்கைக் கன்று. மறுபக்கம் வைக்கோல் போட்ட முயல் கூடு. காலையில் கோப்பியோடு போய் நின்றால் ஈர மண்ணும் வைக்கோலும் கறிவேப்பிலையும் சேர்ந்து ஒரு வாசம் வரும். இந்த நாட்டில் எனக்குச் சொந்தமாக ஏதோ இருக்கிறது என்று முதன்முதலாக நினைத்தது அங்கே நின்றுதான்.

தை மாதம் கடுங்குளிர் வந்தது. குளிர் என்றால் எங்கள் ஆட்களுக்குச் சத்துரு அல்லவா? வீட்டில் யன்னல் நீக்கலுக்கெல்லாம் துணி அடைகிறவர்கள் நாங்கள். முயல்கள் குறண்டிக்கொண்டு கிடப்பதைப் பார்க்க மனுசிக்குத் தாங்கவில்லை. "இஞ்சேருங்கோ, அந்தக் கண்ணாடியைச் சாத்திவிடுங்கோவன். பாவம், வாயில்லாச் சீவனுகள்." நானும் ஏணி வைத்து ஏறித் தக்கையைப் பிடுங்கினேன். சாத்தியது போதாதென்று சுற்றிவர ஒட்டுநாடா வேறு ஒட்டினேன். கிழவர் வெள்ளைக்காரன், அவருக்குக் குளிரின் அருமை தெரியாது என்று எனக்கு நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மனுசி, "புதுசாப் பெருப்பிச்சனாங்கள், பால் காய்ச்சாமல் விடுறதே?" என்றாள். கண்ணாடிக் கொட்டிலுக்குக் குடிபூரல்! சிரித்தேன், ஆனால் எனக்கும் ஆசைதான். கொட்டிலுக்குள் பால் பொங்கவைத்து, முயல் கூட்டுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டினோம். புகை கலைந்தபிறகும் தட்டில் கரி சிவந்து கிடந்தது. கையை நீட்டினால் இதமான சூடு. "இதை உள்ளுக்கையே விடுவம், சூடாயிருக்கும்" என்றேன். அதைச் சொன்னது நான்தான். அள்ளி இன்னும் கொஞ்சக் கரி போட்டதும் நான்தான்.

காலையில் கண்ணாடியெல்லாம் வேர்த்திருந்தது. கறிவேப்பிலை பச்சைப் பசேலென்று நின்றது. முயல்கள் இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்துப் படுத்திருந்தன. நித்திரை என்றுதான் நினைத்தேன். மனுசி கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்னப்பா செய்துபோட்டம்" என்று அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள்.

"பூட்டின இடத்துக்குள்ளை கரி நெருப்பு வைக்கிறதோ அண்ணை? மனிசரே செத்துப்போவினமே" என்றான் வன்னிப் பெடியன். எங்கள் கட்டட வாசலில், தபால் பெட்டிகளுக்கு மேலே, ஒவ்வொரு குளிருக்கும் அதே எச்சரிக்கையைப் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன்.

ஞாயிறன்று கிழவரிடம் போனோம். இருக்கிற பிரெஞ்சையெல்லாம் கூட்டி, கண்ணாடியை மூடியது, கரி வைத்தது எல்லாம் சொன்னேன். மனுசி விம்மி விம்மி அழுதாள். கிழவர் தன் ஊன்றுகோலைக் கட்டிலில் சாய்த்து வைத்தார். பிறகு அவள் கையில் தட்டி, "ஸ பா க்ராவ், மதாம்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். செடிகள் சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

பங்குனியில் மகன் எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு பெரிய சொக்லேற் பெட்டி. "அப்பா சொன்னார், இரண்டும் வயது போய் நித்திரையிலேயே போய்விட்டனவாம். நீங்கள் பிள்ளைகள் மாதிரிப் பார்த்தீர்களாம். மெர்சி." இப்படி நன்றி சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, ஒருவிதத்தில் நல்லதாயிற்று, முயல் இல்லையென்றபிறகு அப்பா மறுக்கவில்லை, இல்லத்துக்குப் போக ஒத்துக்கொண்டுவிட்டார் என்றார். மனுசி என் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லத் தேவையான சொற்களெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். கிழவரிடம் சொன்ன அதே சொற்கள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டு "மெர்சி" என்றேன்.

கிழவரின் வீடு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் மதிலைத் திரும்பக் கட்டக் கேட்டார்கள். கொட்டிலைப் பிரித்து, செடிகளைப் பரிஸ் நகருக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸிலிருந்த மச்சானிடம் கொடுத்தோம்.

அந்தக் கோடையில் ஒருதரம் கிழவரைப் பார்க்கப் போனோம். சுத்தமான அறை, ஒரு கை நுழையுமளவுக்கு மேல் திறக்காத யன்னல். மருந்து கொண்டுவந்த பெண்ணிடம் எங்களைக் காட்டி, "என் முயல்களைக் கடைசிவரைக்கும் பார்த்தவர்கள் இவர்கள்தான்" என்றார். அந்தப் பெண் எங்களைப் பார்த்து எவ்வளவு நல்லவர்கள் என்றாள். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் மனுசி சொன்னாள்: "அந்த மனுசன் எங்களை ஒருக்காத் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்குமப்பா."

இப்போது அந்த வளவு முழுக்கச் சீமெந்து போட்டு, கட்டடத்தாரின் சைக்கிள்கள் நிற்கின்றன. நாங்களும் வீடு மாறிவிட்டோம், அங்கே இருப்பவர்களெல்லாம் புது ஆட்கள். திட்டுவதற்குக் கிழவரும் இல்லை.