வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு நெத்திலி சம்பல்

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர். பத்து வருஷம் நான் வேலை பார்த்த கோல சிலாங்கூர் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ரவாங்கில் இருக்கும் இன்னொன்றில் நைட் ஷிஃப்டுக்கு ஓர் இடம் காலியாம். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று போனை வைத்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? போகக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் போகாமல் இருக்க என் கையில் நெத்திலி சம்பலைத் தவிர வேறொன்றும் இல்லை.

மூன்று மாதமாக, நெத்திலியை மிளகாயும் வெங்காயமும் சேர்த்து வதக்கிச் சம்பலாக்கிப் போத்தலில் அடைத்து, போனில் ஒரு பக்கம் தொடங்கிப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் படத்தில் போத்தலைவிட என் வீட்டுக்காரரின் கட்டைவிரல்தான் பெரிதாகத் தெரிந்தது. அதற்கும் நாற்பது பேர் லைக் போட்டார்கள். அத்தனையும் சொந்தபந்தம். சொந்தக்காரர்கள் ஆர்டர் போட மாட்டார்கள். கல்யாண வீட்டில் பார்த்தால், "எங்களுக்கு ஒரு போத்தல் கொண்டு வரலையா?" என்று கேட்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பேன்.

மற்ற வியாபாரிகள் எல்லாம் லைவில் வந்து பேசித்தான் விற்கிறார்கள் என்று தெரிந்ததும், நானும் வருகிறேன் என்று முடிவு கட்டினேன். எஸ்டேட்டில் செம்பனை எண்ணெய்க்கான பழம் ஏற்றும் லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் உடனே காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். "வெள்ளிக்கிழம ஒம்பதரைக்கு நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள முடிச்சிரு." அந்த நேரத்தில் எல்லாரும் வேலையில் இருப்பார்களே, யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி எங்கள் இரண்டு பேருக்கும் வரவே இல்லை. அன்று காலை எஸ்டேட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் போனின் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனார்.

பிஸ்கட் டின் மேல் போனைச் சாய்த்து வைத்தேன். தலையில் பூ, எதிரே இருபத்து நாலு போத்தல். ஒன்பதரைக்குப் பொத்தானை அழுத்தினேன். பார்ப்பவர்கள், பூஜ்யம். வணக்கம் சொன்னேன். சுவருக்குச் சொன்ன மாதிரி இருந்தது. நெத்திலியை எப்படிக் காயவைத்து வறுத்தேன் என்று இரண்டு தடவை சொன்னேன். பிறகு ஒன்று, மூன்று, ஏழு. முன்பின் தெரியாத பெயர்கள்! ஒரு சொந்தக்காரர்கூட இல்லை! அந்தச் சந்தோஷத்தில் ஒரு போத்தலைத் திறந்து கரண்டியை விட்டேன்.

"சாப்பிட்டுக் காட்டுங்க அக்கா" என்று எழுதினாள் ஒருத்தி.

கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டேன். அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை! எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை மீன் என் நாக்கில் பட்டதில்லை. நல்ல நாள் பார்த்து, நல்ல நேரம் பார்த்து, போனுக்குப் பொட்டு வைத்து, மீன் சம்பல் விற்க உட்கார்ந்திருக்கிறேன். கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. பதினைந்து பேர் பார்க்கிறார்கள்.

"மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு நான் சைவம்" என்றேன்.

திரை முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். 'விக்கிறவங்களே சாப்பிட மாட்டாங்களாம்' என்று ஒருத்தி எழுதினாள். மானம் போயிற்று. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் வந்தால் எனக்குக் குரல்தான் உயரும். சன்னலைத் திறந்து பக்கத்து வீட்டு அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். முஸ்லிம் வீடு, அவர் கணவர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடத் தடை ஏதும் இல்லை. ஒரே சிக்கல், என் சமையலில் குறை சொல்லாமல் அவர் எழுந்ததே கிடையாது.

தலையில் துணியைச் சரிசெய்துகொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கரண்டி வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"புளி கொஞ்சம் தூக்கல்லா" என்றார். போச்சு என்று நினைத்தேன். இன்னொரு கரண்டி எடுத்தார். "வெங்காயத்த இன்னும் வதக்கியிருக்கணும்." மூன்றாவது கரண்டி. "வீட்ல சோறு இருக்கா?"

தட்டில் சோறு போட்டுக் கொடுத்தேன். குறை சொல்லிக்கொண்டே பாதிப் போத்தலைக் காலி செய்தார். 'அந்த அக்கா திட்டிக்கிட்டே சாப்பிடுறாங்க, அப்போ கண்டிப்பா நல்லாதான் இருக்கும். எனக்கு ரெண்டு' என்று வந்தது முதல் ஆர்டர். பிறகு ஒன்று, மூன்று, இன்னொரு இரண்டு. பெயர் எழுத எழுத என் பேனா வழுக்கியது.

பத்தரை ஆகிவிட்டது. ராகு காலம். ஆர்டர்களோ வந்துகொண்டே இருந்தன. என்ன செய்வதென்று விழித்துக்கொண்டு நின்றேன். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து போனைத் தன் பக்கம் திருப்பினார். "ராகு காலமெல்லாம் உனக்குத்தான். எனக்குக் கெடையாது. நீ தள்ளு." கடைக்காரர் வீட்டு அம்மா அல்லவா, இரண்டு போத்தல் கேட்டவளை நாலு வாங்க வைத்தார். நான் பின்னால் நின்று பெயர்களை எழுதினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.

ஒரு வழியாக எல்லாப் போத்தலும் முடிந்ததும், "இந்த நேரத்துல நீங்கல்லாம் யாருமா? வேலைக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

'நாங்க நைட் ஷிஃப்ட் அக்கா. ரவாங், பத்தாங் காலி பக்கம். காலைலதான் வீட்டுக்கு வந்தோம்.' அவளே இன்னொன்றும் எழுதினாள். 'வீட்ல எல்லாரும் வேலைக்கும் ஸ்கூலுக்கும் போயிட்டாங்க. பேச ஆளில்ல. சம்பல் முடிஞ்சா என்னக்கா, தூக்கம் வர்ற வரைக்கும் சும்மா பேசிக்கிட்டு இருங்களேன்.'

அக்கா என்னைப் பார்த்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ரவாங் வேலைக்குச் சரி சொன்னால், அடுத்த வாரம் நானும் இதே மாதிரி காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யாருமில்லாத வீட்டைத் திறந்துகொண்டிருப்பேன். அதைச் சொல்லவில்லை. சம்பலுக்கு வெங்காயம் எவ்வளவு வதக்க வேண்டும் என்று அக்காவோடு சண்டை போட்டேன். பதினொன்றரை வரைக்கும் போட்டோம்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டார். வரவில்லை என்றேன்.

"ஏம்மா? நல்ல வேல ஒண்ணு கெடச்சிருச்சா?"

"வெள்ளிக்கிழம காலைல என்னைத் தேடுவாங்க சார்" என்றேன்.