பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பிப் போனேன்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலை எனக்கு. இடது கணுக்காலில் வந்த புண் ஆறு மாதமாக ஆறவில்லை. "ஏட்டி, ஊருக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்புதோம், ஒம் புண்ணு மட்டும் ஆற மாட்டேங்குதே" என்பாள் கூட வேலை செய்யும் ஜெசிந்தா.

இரண்டாவது குழந்தை உண்டானதும் பயம் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். "இந்தக் கால் முன்னாடி எப்பவாவது வீங்கிச்சாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண் சொக்கியது. முதல் பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள் மிதந்து வந்தன. பால் வாசனை, பாதித் தூக்கம், தண்ணீருக்குள் இழுத்து நடப்பதுபோல் வீங்கிக் கனத்த இடது கால். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று அன்று விட்டுவிட்டேன். இதைப் போய்ச் சொன்னால் டாக்டர் சிரிப்பாரோ என்று யோசித்தபடியே இறங்கிவிட்டேன்.

திரும்பிப் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ரத்தக் குழாயில் அன்று ரத்தம் உறைந்த தடம் ஸ்கேனில் தெரிந்தது. புண்ணுக்கும் அதுதான் காரணமாம். என் ரத்தம் எளிதில் உறையக்கூடியது என்று பரிசோதனையும் சொன்னது. "சொல்லாம போயிருந்தா, இந்தத் தடவ அது நுரையீரலைப் போய் அடைச்சிருக்கலாம்மா" என்றார்.

இப்போது தினமும் ஊசி போட்டுக்கொள்கிறேன். புண்ணும் சுருங்கி வருகிறது. டாக்டரிடம் போகுமுன் அற்பமாகத் தோன்றுவதையும் தாளில் எழுதிக்கொள்கிறேன். "நேத்து தும்முனியே, அத எழுதலையா?" என்கிறாள் மகள். அதையும் எழுதிக்கொள்கிறேன்.