அறுப்பதற்காகக் கட்டிய தாலி

என் கணவர் கோபம் வந்தால் கை ஓங்க மாட்டார், ஏச மாட்டார். பேச மாட்டார், அவ்வளவுதான். கோட்டாறு சந்தையில் அரிசிக் கடை வைத்திருந்தார். அங்கே ஊரோடு சிரித்துப் பேசிவிட்டு, சுசீந்திரத்தில் வீட்டுப் படி ஏறினதும் வாயைப் பூட்டிக்கொள்வார். புளிக்கறியில் உப்பு கூடிப்போனதற்கு ஆடி மாதம் முழுக்கப் பேசவில்லை. எதற்குப் பிணக்கு என்று கேட்டாலும் பதில் வராத அந்த வீட்டில் ஐந்து வருஷம் இருந்தேன். பிள்ளையும் இல்லை. பிறகு தாலியைக் கழற்றி அவருடைய அக்காள் கையில் கொடுத்துவிட்டு, பூதப்பாண்டியில் என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் சாதி ஆட்களுக்கு விவாகத்தைத் தீர்த்துக்கொள்ள அந்தக் காலத்திலேயே சட்டத்தில் வழி உண்டு. நாகர்கோவில் கோர்ட்டில் மனுக் கொடுத்தேன். அவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். அதையும் பேசாமல்தான் போட்டார். உடனே தீர்ப்புச் சொல்ல மாட்டார்களாம். மனசு மாறுகிறதா என்று சில மாதம் பார்ப்பார்களாம். ஐந்து வருஷத்தில் மாறாத மனசு கோர்ட்டு வராந்தாவிலா மாறப்போகிறது?

அதற்குள் அவர் விஷக் காய்ச்சலில் இறந்துபோனார். ஆள் வந்து சொன்னபோது அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. ஏன் வந்தது என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

"போயிட்டு வா மக்கா. போகல்லேன்னா ஊரு நம்மளத்தான் ஏசும்" என்றார் அண்ணன்.

துட்டி வீட்டில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அவருடைய அக்காள் என் கழுத்தைப் பார்த்தாள்.

"எங்கட்டி தாலி?"

"உங்க கையிலதான தந்தேன், மைனி."

"தாலி இல்லாம என்னத்த அறுக்கது? ஊரு சிரிக்காதா?"

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். அதே தாலியைப் புது மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்தாள்.

"அறுக்கதுக்கு வேண்டியா கெட்டுகிய?" என்று கேட்டேன். அவள் காதில் வாங்காமல் தலைவழியே போட்டுவிட்டாள். கூட்டத்தில் ஒருத்தி பூவும் வைத்தாள். பதினாறாம் நாள்வரை அப்படியே மூலையில் இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். பதினாறு அன்று காலையில், அதே பெண்கள் சுற்றி நின்று மாரடித்து அழ, அக்காள் அதை அறுத்தாள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கணவரின் அண்ணன் ஒரு முத்திரைத்தாளை நீட்டினார். கடை வருமானத்தில் என் கணவர் தாமாக வாங்கிய வயல் ஒன்று தேரூர் பக்கம் உண்டு. அதில் எனக்குப் பாத்தியம் இல்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டுமாம். நான் அந்த வயலை நினைக்கக்கூட இல்லை.

"எதுக்கு அத்தான்?"

"நீ தீர்ந்து போனவதான. பிற்பாடு பேச்சு வரப்பிடாது பாரு."

"காலம்பற வரைக்கும் பெண்டாட்டி. சோறு தின்னு கை கழுவுகதுக்குள்ள தீர்ந்து போனவளா? பின்ன எதுக்குத் தாலி கெட்டுனிய?"

"அது சடங்கு. இது சொத்து" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

கையெழுத்துப் போடாமல் பஸ் ஏறினேன்.

எங்கள் மனுவுக்குத் தவணை வந்த அன்று கோர்ட்டுக்குப் போனேன். சேவகன் வாசலில் நின்று அவருடைய பெயரை உரக்கக் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். "அவரு மரிச்சுப் போனாரு" என்று நான்தான் எழுந்து சொல்ல வேண்டியிருந்தது. தீர்ப்புக்கு முன்னால் ஒருவர் இறந்தால் மனுவும் அவரோடு போயிற்று என்று என் வக்கீல் வெளியே வந்து விளக்கினார். "நீங்க கடைசிவரைக்கும் அவருக்க சம்சாரம்தான். அவரு சம்பாதிச்ச வயலுல உங்களுக்குப் பாத்தியம் உண்டு."

இதைக் கேட்டதும் என் அண்ணனுக்கு வந்த பாசத்தைச் சொல்லி முடியாது. வாழாவெட்டி என்று முகம் சுளித்தவர் தன் கையால் மோர் ஆற்றிக் கொடுத்தார். "வயலு வந்தா எனக்க மகனுக்க பேருல எழுதிருவோம். உனக்கு எதுக்கு மக்கா தொந்தரவு?"

வழக்குப் போட்டேன். வயல் குடும்பப் பணத்தில் வாங்கியது என்று சாதித்தார் கணவரின் அண்ணன். மழை பெய்தால் தவணை, ஜட்ஜி மாறினால் தவணை. ஊர்ப் பெண்கள் வேறு, "புருசன் வேண்டாம், வயலு மட்டும் வேணுமாக்கும்" என்று என் காதுபடப் பேசினார்கள். முதலில் நான் வயலுக்காகப் போகவில்லை. நினைத்தபோது கட்டி நினைத்தபோது அறுத்தார்களே, அந்த ஆத்திரத்தில் போனேன். போகப்போக வயலும் வேண்டியிருந்தது. அண்ணன் வீட்டுச் சோற்றை எத்தனை காலம் தின்பது?

கடைசியில் இரண்டு பக்கமும் அலுத்துப்போய் ராஜியானோம். வாய்க்காலை ஒட்டிய பாதி எனக்கு வந்தது. என் பெயரிலேயே எழுதினேன். என் அண்ணனுக்கு அதில் மனத்தாங்கல். முதல் அறுப்பு முடிந்ததும் சுசீந்திரத்திலேயே சின்ன ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தனியாக வந்துவிட்டேன்.

நெல் வீட்டுக்கு வந்த மறுநாள் கணவரின் அண்ணன் ஆள் அனுப்பினார். அவருடைய இந்த வருஷத்துத் திதி வருகிறதாம். பெண்டாட்டி பங்குக்கு நெல் கொடுப்பதுதான் முறையாம்.

அளந்து கொடுத்தனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.