இன்னொரு ஏழுமலை

இருமல் நிற்காத அப்பாவைக் கள்ளக்குறிச்சியில் நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தேன். சரியான கூட்டம். வெள்ளிமலையிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஒருவர் நகர்ந்து அப்பாவுக்கு இடம் கொடுத்தார். அவர் பெயரும் அப்பாவைப் போலவே ஏழுமலை. இருவரும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏழுமலை கூட வந்தவங்க மட்டும் வாங்க” என்றார் நர்ஸ். உள்ளே போனேன்.

மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே, “ரொம்ப முத்திப்போச்சும்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. நாப்பது வயசுல வர்ற நோயா இது?” என்றார்.

“அப்பாவுக்கு எழுபது ஆவுதுங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். பதறிப்போய் வேறொரு படத்தை எடுத்தார். அப்பாவுக்கு வெறும் நெஞ்சுச் சளிதான். எனக்குப் போன உயிர் திரும்பியது.

வெளியே வந்ததும் வெள்ளிமலைக்காரர் ஆவலாகக் கேட்டார். “டாக்டரு இன்னா சொன்னாருங்க?”

“வெறும் சளிதானாம்.”

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். “கேட்டியா? நமக்கும் அதான் சொல்வாரு. நீதான் ஜாஸ்தி பயந்துக்கினு கீற.”

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நர்ஸ் மறுபடி கூப்பிட, அவள் தனியாக உள்ளே போனாள்.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் நின்றால், அதன் ஜன்னல்களை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.