ஆறாம் நாளின் முன்சீட்டு

டாஸ்மேனியாத் தீவில் அல்வர்ஸ்டன் என்ற ஊரைச் சேர்ந்த க்ளெண்டா பாஸ்கோ அம்மையார், அறுபத்து மூன்றாம் வயதில் தன்னந்தனியாக நியூசிலாந்து சுற்றுலாப் பேருந்தில் ஏறியதற்குக் காரணம் துக்கம்தான் என்று, அதே பேருந்தில் இருந்த நாங்கள் நாற்பத்தெட்டு பேரும் முதல் நாளே ஏகமனதாக முடிவு கட்டிவிட்டோம். ஒரு பெண் தனியாகச் சுற்றுலா வந்தால் கணவன் செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஓடிப்போயிருக்க வேண்டும். மூன்றாவது காரணம் எதையும் ஆஸ்திரேலிய ஓய்வூதியர்கள் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

கிறைஸ்ட்சர்ச்சை விட்டு முதல் தேநீருக்கு நிறுத்திய இடத்திலேயே விசாரணை தொடங்கியது. பல்லாரட்டிலிருந்து கணவரோடு வந்திருந்த லொரெய்ன் விக்கரி, க்ளெண்டாவின் கையை மெல்லத் தொட்டு, அவர் போய் எவ்வளவு நாளாச்சு என்று கேட்டார்.

"ட்ரெவரா? அவர் எங்கேயும் போகலையே," என்றார் க்ளெண்டா. "வீட்டுலதான் இருக்கார். தக்காளிச் செடிக்கு யாராவது தண்ணி ஊத்தணும்ல."

தொண்ணூற்று நான்கில் மெல்பர்னுக்குக் கப்பலில் போனபோது ட்ரெவர் இரவு முழுக்க வாந்தி எடுத்தாராம். அன்றிலிருந்து தீவுக்கு வெளியே உலகம் இருக்கிறது என்பதை அவர் வதந்தியாகவே கருதி வருகிறார்.

இந்தப் பதில் எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். செத்த கணவனைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் கணவனைப் பற்றி என்ன பேசுவது? எனினும் நாங்கள் இரக்கத்தைக் கைவிடவில்லை. கணவன் உயிரோடு இருந்தும் தனியாக வருகிறவள் இரட்டிப்புப் பரிதாபத்துக்கு உரியவள் என்று கணக்கைத் திருத்திக்கொண்டு, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு ஜோடி அவரைத் தத்தெடுத்துக்கொண்டோம். அவர் எல்லா மேசையிலும் உட்கார்ந்தார், ஆட்டுக்கறி வறுவலை ரசித்துச் சாப்பிட்டார், மற்றவர்கள் தூங்கக் கிளம்பும் முன்பே எழுந்து போனார்.

க்ளெண்டா முப்பத்தோரு வருடம் தபால் நிலையக் கவுண்டரில் இருந்தவர். சனிக்கிழமைகளில் பெண் பிள்ளைகளின் நெட்பால் ஆட்டங்களுக்கு நடுவர். ஊர் ஊராகப் போகும் குட்டி பஸ்ஸில் அவருடைய இடம் எப்போதும் கடைசி சீட்டு. ஏனென்றால் குமட்டுகிற பிள்ளைகளெல்லாம் அங்கேதான் உட்காருவார்கள், பையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். டாஸ்மேனியா முழுவதையும் அவர் பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார், அதுவும் இரண்டு வாந்திகளுக்கு நடுவில். ஒரே ஒரு தடவை பெரிய முன்கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து, சாலை தன்னை நோக்கி வருவதைப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு சாலை அல்ல, நியூசிலாந்தில் டெ அனாவிலிருந்து மில்ஃபர்டுக்கு மலையைக் குடைந்து போகும் சாலை. இதற்காகத்தான் வந்தேன் என்று அவர் இரண்டாம் நாளே எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

இங்கே பேருந்தின் அரசியல் சாசனத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பிறகு தினமும் காலையில் இடப்பக்கத்தார் ஒரு வரிசை முன்னே நகர வேண்டும். முன்சீட்டுக்கு வந்தவர் மறுநாள் வலப்பக்கம் தாண்டி, ஓட்டுநரின் பின்மண்டையைத் தரிசித்தபடி பின்னோக்கிப் பயணப்பட வேண்டும். முதல் நாள் நாங்கள் முட்டி மோதி முன்சீட்டுகளைப் பிடித்தோம். எங்களுக்கு முன்பே ஏறி, முன்னால் ஐந்து வரிசை காலியாக இருந்தும், க்ளெண்டா இடப்பக்கம் ஆறாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். பாவம், கூச்ச சுபாவம் என்று பேசிக்கொண்டோம். மில்ஃபர்டு ஆறாம் நாள் என்பதையும் சீட்டு மாறும் முறையையும் அவர் நாலு மாதம் முன்பே தொலைபேசியில் விசாரித்து வைத்திருந்தார். முன்சீட்டைப் பிடித்தவர்கள் கண்டது சமவெளியும் செம்மறியாடும்.

ஏழாவது வரிசையில் லொரெய்னும் அவர் கணவர் ரெக்ஸும். ஐந்தாவதில் கூல்மன் தம்பதி. நாலாம் நாள் டனீடனில், மகளுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்ததென்று செய்தி வந்து, கூல்மன் தம்பதி பெர்த்துக்கு விமானம் ஏறினார்கள். ஆகவே ஐந்தாம் நாள் காலையில், அவர்கள் முறைப்படி வர வேண்டிய முன்சீட்டு காலி.

ரெக்ஸ் பேருந்து வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"க்ளெண்டா, நீங்க இன்னைக்கே முன்னாடி போய் உக்காருங்க. தனியா வந்திருக்கீங்க, இதுகூடச் செய்யலைன்னா எப்படி? நாங்க எல்லாரும் ஒரு வரிசை முன்னாடி தள்ளி உக்காந்துக்கறோம்."

நாங்கள் கைதட்டினோம். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். க்ளெண்டா மட்டும், பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததா என்று பார்க்கிற கண்ணோடு ரெக்ஸைப் பார்த்தார். இன்று முன்சீட்டில் உட்கார்ந்தால் மழையும் மேய்ச்சல் நிலமும். நாளை மில்ஃபர்டு சாலையில் அவர் ஓட்டுநரின் மண்டைக்குப் பின்னால், முன்கண்ணாடிக்கு எதிரே ரெக்ஸ்.

"ரொம்ப நன்றி ரெக்ஸ். இன்னைக்கு என் முறை ரெண்டாவது வரிசை. அங்கேயே உக்காந்துக்கறேன்."

"முன்சீட்டு காலியாத்தானே கிடக்கு?"

"காலி எங்க? அது கூல்மன் சீட்டு. அவங்க பேத்தியைப் பாக்கப் போயிருக்காங்க, அவ்வளவுதான்."

அப்படியானால் தானும் லொரெய்னும் அங்கே உட்கார்ந்துகொள்வதாக ரெக்ஸ் சொன்னார். கூட்டம் சில்லிட்டுப் போயிற்று. எங்களில் ஒருவன் வரியில் ஏமாற்றலாம், மைத்துனனை ஏமாற்றலாம், வரிசையைத் தாண்டக் கூடாது. பின்னாலிருந்து ஒரு குரல், "வரிசைன்னா வரிசைதான், மேட்," என்றது. தீர்ப்புக்காக ஓட்டுநர் ஹேமியைப் பார்த்தோம். "பஸ் ஓட்டறது என் வேலை, சீட்டு உங்க வேலை," என்று சொல்லிவிட்டு அவர் சக்கரங்களை ஆராயப் போனார்.

முன்சீட்டு காலியாகவே இருக்கட்டும் என்று கை தூக்கி வாக்கெடுத்தோம். எதிர்ப்பு ஒரே ஒரு கை. ரெக்ஸின் மனைவிகூடத் தூக்கவில்லை. ஆக, அந்தப் பேருந்தின் ஆகச் சிறந்த இரண்டு இருக்கைகள் டனீடனிலிருந்து டெ அனா வரை யாரையும் சுமக்காமல் பயணம் செய்தன. வழியில் சாலைக்கு நேரே ஒரு வானவில் எழுந்தது. யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த வெற்று இருக்கைகளைப் பெருமையோடு தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கினோம்.

ஆறாம் நாள் காலை க்ளெண்டா முன்சீட்டில் உட்கார்ந்தார். மழை பிடித்துக்கொண்டது. பாறைச் சுவர்களில் முந்தின நாள் இல்லாத அருவிகளெல்லாம் முளைத்தன. சாலை அவரை நோக்கி வந்துகொண்டே இருந்தது. அரைமணி நேரம் அவர் அசையவில்லை. பிறகு திரும்பிப் பார்த்தார். அடுத்த வரிசையில் ஜன்னலோரம் ரெக்ஸ், வழக்கம்போல. இந்தப் பக்கம் லொரெய்ன், ஆறு நாளாக எதிரே இருக்கும் சீட்டின் முதுகைப் பார்த்தபடி.

"லொரெய்ன், இங்க வாங்க. பக்கத்துல இடம் இருக்கு."

அது முறையில்லை என்று ரெக்ஸ் ஆரம்பித்தார்.

"ரெண்டு சீட்டும் என்னோடதுதான் ரெக்ஸ். தனியா வர்றவங்ககிட்ட இதுக்குன்னே கூடுதலா காசு வாங்கிக்கறாங்க," என்றார் க்ளெண்டா.

வாக்கெடுக்க அவகாசம் இல்லை. லொரெய்ன் தேநீர் குடுவையை ரெக்ஸின் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். எதிர்ப்பக்கத்து அம்மாள் ரெக்ஸுக்கு ஒரு பெப்பர்மிண்ட் நீட்டினார். பேருந்து குகைப்பாதைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிப்பட்டபோது, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் திறந்து கிடந்தது.

மில்ஃபர்டிலிருந்து திரும்பும்போது லொரெய்ன் யாரையும் கேட்காமல் நேராக முன்சீட்டுக்கே போனார். க்ளெண்டா ஜன்னல் பக்கத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். போகும்போது பார்த்த சாலையை வரும்போதும் பார்த்தாக வேண்டும் என்று க்ளெண்டாவுக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, டெ அனா வரும் வரை நிம்மதியாகக் குறட்டை விட்டார்.